'அம்மோ பாக்ஸ்' – கலைச்சொல் தேவை (அவசரம்)

செ.மா.:
நண்பர்களே, பழைய படைத்தளவாடங்களைச் சேகரிப்போருக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். துப்பாக்கித் தோட்டாக்களை வைக்கும் 'அம்மோ பாக்ஸ்' பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 'தோட்டாப்பெட்டி' எனலாமா? 'வெடிமருந்துப் பெட்டி' என்று போட்டால் பாறைக்கு வைக்கும் வெடிதான் கண்முன் நிற்கிறது. கையேட்டில் அதிகம் வருவது அமெரிக்கப் படையின் எம்2ஏ1 வகைப் பெட்டி: எஃகுத் தகடு, ஆலிவ் பச்சை, மஞ்சள் எழுத்து, மூடியின் உள்விளிம்பில் ரப்பர் பட்டை. சரமாகக் கோத்த .50 காலிபர் (அரை அங்குல விட்டம்) தோட்டா 100 அடங்கும். சேகரிப்போருக்கு விற்பது பெரும்பாலும் காலிப் பெட்டிதான்.

பு.:
தோட்டா தமிழன்று. அம்பு வைக்கும் கூட்டுக்குத் 'தூணி' உண்டு, 'ஆவநாழி' உண்டு. தூணி முகத்தலளவை, நாழியும் அப்படியே. இரண்டுக்கும் தொல்காப்பியத்தில் புணர்ச்சி விதி இருக்கிறது. ஆக, அம்புக்கூடும் அளவுக்கலமும் நம் முன்னோர்க்கு ஒன்றே! பெட்டியின்மேல் எண்ணிக்கையை எழுதுவதும் அதே சிந்தனைதான். 'எஃகுத்தூணி' என்க.

ஈ.:
எங்கட பக்கம் தோட்டாவை 'ரவை' எண்டுதான் சொல்லுறது. துப்பாக்கியில மாட்டுற 'ரவைக்கூடு' ஏற்கனவே புழக்கத்தில இருக்கு. 'ரவைப்பெட்டி' எண்டு போடுங்கோ.

செ.மா.:
அண்ணா, எங்களவர்கள் உப்புமா கிண்டக் கிளம்பிவிடுவார்கள்.

வி.:
பு. ஐயா, எல்லாமே எஃகு அல்ல. 1879இல் தென்னாப்பிரிக்காவின் இசண்டல்வானாவில் ஜூலுக்களிடம் தோற்ற ஆங்கிலேயப் படை வைத்திருந்தது செப்புப் பட்டை கட்டிய மரப்பெட்டி. ஒன்றில் 600 தோட்டா. மூடி நடுவில் நகர்ந்து திறக்கும், அதைப் பிடித்திருப்பது ஒரே ஒரு திருகு. பெட்டியைத் திறக்க முடியாமல்தான் தோற்றார்கள் என்று நெடுநாள் கதை. ஓங்கி இடித்தாலே மூடி பெயர்ந்துவிடும் என்று சொல்லி இன்றைய ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்பதில்லை. விஷயம் அதுவல்ல, மரத்துக்கும் பொருந்துகிற சொல் வேண்டும். 'தூணி விற்பனைக்கு' என்றால் வில்வித்தைக்காரர்தான் வருவார். செ.மா., பெயர் எதுவானாலும் ஒன்றை மட்டும் தெளிவாக எழுதுங்கள்: அசல் எழுத்து மங்கியிருந்தால் பரவாயில்லை, புதுப் பெயின்ட் அடித்தால் மதிப்புப் போச்சு.

பு.:
சந்தைக்காரர் சொல்வதெல்லாம் தமிழாகிவிடுமா? தவிர, தோட்டாவே இல்லாத பெட்டி எப்படித் தோட்டாப்பெட்டி ஆகும்?

ந.:
நெய் தீர்ந்தாலும் நெய்க்குடம் நெய்க்குடம்தானே ஐயா. உங்கள் வழியிலேயே வருகிறேன்: அம்பறாத்தூணி என்பது அம்பு அறாத தூணி. ஒருபோதும் காலியாகாதது! காலிப் பெட்டிக்கு அந்தப் பெயர் தகுமா? துப்பாக்கி என்ற சொல்லே துருக்கி வழி வந்தது. அதை வைத்துக்கொண்டு தோட்டாவை மட்டும் விரட்டுவானேன்? 'தோட்டாப்பெட்டி' என் வாக்கு. ஒற்று மிகும், 'ப்' விட்டுவிடாதீர்கள்.

வி.:
வழிமொழிகிறேன்.

ஈ.:
ரவையை விட மனமில்லை. எண்டாலும் சரி.

செ.மா.:
நன்றி. பொதுப்பெயர் 'தோட்டாப்பெட்டி', வேறுபடுத்த வேண்டிய இடத்தில் 'எஃகு', 'மர' என்ற அடை. கோப்பு போய்விட்டது.

பு.:
என் மறுப்பைப் பதிவு செய்க. அம்பறாத்தூணியில் உள்ள 'அறா' எதிர்மறைப் பெயரெச்சம். தனித் தூணிக்கு அது ஏறாது. 'ஆவநாழி'யில் உள்ள 'ஆவம்' பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. தனி இழையில் எழுதுகிறேன்.