எட்டாக்கயிறு, ஏந்துகயிறு: ‘வீழ்ச்சித் தடுப்பு’ என்ற ஒரே சொல் போதாது

அனைவருக்கும் வணக்கம். உயரத்தில் வேலை செய்பவர்களின் பாதுகாப்புக் கருவிகளுக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். ஓரம் வரை போகவிடாத கயிறு, விழுந்தவரைப் பிடிக்கும் கயிறு ஆகிய இரண்டையும் பற்றி இங்கே ஐயா ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> இரண்டுக்கும் ‘வீழ்ச்சித் தடுப்பு’ போதும். தேவையென்றால் வகை 1, வகை 2 என்று போட்டுக்கொள்ளலாம்.

ஐயா, இதை என்னால் ஏற்க முடியவில்லை. இலக்கம் போட்டால் சொற்பட்டியலில் வேறுபாடு தெரியும். உயரத்தில் நின்று கல் கட்டுகிற மேசனுக்குத் தெரியாது.

இலங்கையின் கிழக்கில், கல்முனைப் பக்கத்தில் கட்டட வேலை செய்பவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறேன். போன மாதம் ஒரு தம்பி மேல்மாடிக் கொங்கிறீற் தட்டின் ஓரத்தில் நின்று வேலை செய்துகொண்டிருந்தார். தோளையும் தொடையையும் சுற்றும் பெல்ட் போட்டிருந்தார். கயிற்றைக் காலடியில் நீட்டிக்கொண்டிருந்த தூண் கம்பியில் கொளுவியிருந்தார். “பெல்ட் இருக்குத்தானே சேர், விழமாட்டன்” என்றார். அந்த இடத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். கயிறு 2 மீற்றர். கயிறு மாட்டியிருக்கும் முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஏறத்தாழ 1.5 மீற்றர். கூட்டினால் 3.5. அவர் நின்ற தட்டு நிலத்திலிருந்து 3 மீற்றர்தான். கயிறு இறுகும் முன்பே கால் நிலத்தில் அடித்துவிடும். அதிர்வைக் குறைக்கக் கயிற்றில் தைத்திருக்கும் மடிப்பு கிழிந்து நீளும் தூரத்தை நான் கூட்டவேயில்லை.

அவர் மீது பிழை சொல்ல மாட்டேன். ‘வீழ்ச்சித் தடுப்பு’ என்று நாங்கள்தான் சொல்லிக் கொடுத்தோம். விழாமல் தடுக்கும் என்று அவர் நம்பினார். ஆனால் அந்தக் கயிறு விழுவதைத் தடுக்காது, விழுந்தவரைத்தான் பிடிக்கும்.

உண்மையிலேயே தடுக்கிற கயிறு வேறு. அது ஓரம் வரை போகவே விடாது. வயல் பக்கம் மாடு கட்டும்போது என்ன செய்கிறோம்? வேளாண்மைப் பயிருக்கு வாய் எட்டாதபடி கயிற்றின் நீளத்தை அளந்து கட்டுகிறோம். அதே முறைதான் இதுவும். அதனால் இதற்கு எட்டாக்கயிறு என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘எட்டாக்கனி’ எல்லோருக்கும் தெரிந்த சொல் என்பதால் அமைப்பும் புதிதல்ல. ‘தளைக்கயிறு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பனையேறிகளின் தளைநாரை நினைத்து எழுதியிருப்பார், அழகான சொல்தான். ஆனால் தளை என்றதும் விலங்குதான் பலருக்கு நினைவு வரும். அதோடு தளைநாரின் வேலை காலுக்குப் பிடிமானம் கொடுப்பது, ஓரத்திலிருந்து தள்ளி நிறுத்துவது அல்ல.

விழுந்தவரைப் பிடிப்பதற்கு ஏந்துகயிறு. மாங்காய் உலுக்கும்போது கீழே இரண்டு பேர் சாக்கை விரித்து ஏந்திப் பிடிப்பார்கள் அல்லவா? மாங்காய் விழத்தான் செய்யும், நிலத்தில் படாது. சாக்குக்குக் கீழே இடம் வேண்டும் என்பதும் அந்தப் படத்திலேயே இருக்கிறது. இன்னொன்று, ஏந்தினால் பிறகு இறக்க வேண்டும். கயிற்றில் அசையாமல் தொங்குகிறவருக்குக் காலில் இரத்தம் தேங்கி சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். எப்படி இறக்குவது என்பதை ஏறும் முன்பே யோசித்து வைக்க வேண்டும். ‘தடுப்பு’ என்ற சொல்லில் இந்த நினைப்புக்கே இடமில்லை.

பிரித்தானியாவின் 2005 ஆம் ஆண்டு உயர வேலை விதிகளில் வரிசை தெளிவாக இருக்கிறது. முடிந்தால் உயரத்தில் வேலை செய்வதையே தவிர். முடியாவிட்டால் விழாமல் தடு. அதுவும் முடியாவிட்டால் விழும் தூரத்தையும் பாதிப்பையும் குறை. எட்டாக்கயிறு இரண்டாவது படியில் வருகிறது, ஏந்துகயிறு மூன்றாவதில். ஒரே சொல்லால் இரண்டையும் குறித்தால் அந்த வரிசையையே தமிழில் சொல்ல முடியாமல் போகிறது.

‘தாங்குகயிறு’ என்ற ஆலோசனையை வேறு இடத்துக்கு எடுத்து வைப்போம். மின்கம்பத்தில் ஏறுகிறவர் பின்னால் சாய்ந்து இரண்டு கையாலும் வேலை செய்ய உதவும் பட்டிக்கு அது சரியாகப் பொருந்தும். அங்கே கயிறு எந்நேரமும் ஆளின் பாரத்தைத் தாங்குகிறது.

உடலில் மாட்டுவதற்கு ‘உடற்கச்சை’ வேண்டாம். கச்சை இடுப்பில் கட்டுவது. இடுப்புப் பட்டியோடு விழுந்தால் அடி முழுவதும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். அமெரிக்காவில் விழுந்தவரை ஏந்த இடுப்புப் பட்டியைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 1998 சனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய பொருளின் பெயரைப் புதியதற்கு வைத்தால் கடையில் மலிவாகக் கிடைக்கும் இடுப்பு பெல்டையே வாங்கி வருவார்கள். தோள், மார்பு, தொடை மூன்றையும் சுற்றுவதற்கு உடல்வார் என்பேன். செருப்பு வார் தெரியாதவர் யார்?

அப்புறம், ஏறி நின்று வேலை செய்யக் கட்டும் ‘சாரம்’. தமிழ்நாட்டு நண்பர்களே, எங்களுக்குச் சாரம் என்றால் முதலில் இடுப்பில் உடுப்பதுதான். பாடத்தில் ‘சாரக்கட்டு’ என்று முழுதாகவே எழுதுங்கள்.

> சென்னைச் சொற்பட்டியலில் உள்ளதையே எடுத்தால் குழப்பமில்லை.

1936 இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள் எங்கள் பக்கத்துக் காரைதீவில் பிறந்தவர். இங்கிருந்தும் சொற்கள் அங்கே போகலாம், ஐயா.

மிச்சம் இருப்பது, கிழிந்து நீண்டு அதிர்வை வாங்கும் அந்த மடிப்பு. ‘கிழிதையல்’ என்று எழுதிப் பார்த்தேன். பழுதான தையல் என்று நினைத்து யாராவது திருப்பித் தைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. நல்ல சொல் ஒன்று தாருங்கள். திங்கட்கிழமை சாய்ந்தமருதில் வகுப்பு இருக்கிறது. மற்ற மூன்று சொற்களையும் அங்கே சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.