'கதவு திறந்தது': இந்த வினைக்கு என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஆங்கில இலக்கணப் பயிற்சித் தாள் ஒன்றைத் தமிழ் விளக்கத்தோடு செய்துகொண்டிருக்கிறேன். சொல்வகைகளில் பெரிய தொல்லை இல்லை. பெயரடை, வினையடை, முன்னிடைச்சொல் எல்லாம் நிலைத்துவிட்டவை. (நமக்குப் பெயர், வினை, இடை, உரி என்று நான்கு போதுமானபோது அவர்களுக்கு மட்டும் ஏன் எட்டு என்று ஒரு பையன் கேட்டான். அது தனி மடலுக்கான சங்கதி.) செய்வினை, செயப்பாட்டுவினை இரண்டுக்கும் பள்ளிக்கூடத்துப் பெயர்களே போதும். சிக்கல் இரண்டுக்கும் நடுவில் முளைத்தது.

மூன்று வாக்கியங்கள் கொடுத்து வகைபிரிக்கச் சொல்லியிருந்தேன்.

தி டோர் இஸ் ஓப்பன்.
தி டோர் வாஸ் ஓப்பன்ட்.
தி டோர் ஓப்பன்ட்.

முதலாவது, கதவு திறந்திருக்கிறது. 'ஓப்பன்' இங்கே பெயரடை. இரண்டாவது, கதவு திறக்கப்பட்டது. யாரோ திறந்திருக்கிறார்கள், யாரென்று சொல்லவில்லை. மூன்றாவதையும் பாதி வகுப்பு செயப்பாட்டுவினைப் பெட்டியில் போட்டுவிட்டது. கேட்டால், "கதவு எதுவும் செய்யலையே சார்!" ஒரு பெண் அதோடு விடவில்லை. "கதவு தானா எப்படித் திறக்கும்? காத்துதான் திறந்திருக்கும். அப்ப 'பை தி விண்ட்' போடணும்ல?" என்றாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. அந்த மூன்றாவது பெட்டிக்கு நான் பெயர் வைக்காததுதான் தப்பு.

ஆங்கிலத்தில் இதை எர்கேட்டிவ் என்கிறார்கள். 'தி புக் செல்ஸ் வெல்' போன்றதை மிடில் என்கிறார்கள். இரண்டையும் பிரிப்பவர்களும் உண்டு, சேர்ப்பவர்களும் உண்டு. ஒன்பதாம் வகுப்புக்கு ஒரே பெட்டி போதும் என்பது என் எண்ணம்.

இதுவரை கைக்கு வந்த சொற்கள்: நடுவினை, இடைவினை, தானியங்குவினை. நடுவினை என்றால் எதற்கு நடு என்று பிள்ளைக்குத் தெரியாது, மிடிலைத் தமிழில் எழுதியதுதான் மிச்சம். இடைவினையைச் சமூக அறிவியல்காரர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள், போதாததற்கு இடைச்சொல்லோடும் குழம்பும். தானியங்குவினை என்று சொன்னாலே எனக்கு ஏடிஎம் வாசலில் நிற்பது போல இருக்கிறது.

உங்களிடம் வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.

---

மறுமொழி

> இரண்டுக்கும் நடுவில் முளைத்தது

சார், இது புதிதாக முளைத்தது இல்லை. தொல்காப்பிய வினையியலில் 'செயப்படுபொருளைச் செய்தது போலத் தொழிற்படக் கிளத்தலும் வழக்கியல் மரபே' என்று இதற்கு நூற்பாவே இருக்கிறது. உரையில் காட்டும் எடுத்துக்காட்டு 'திண்ணை மெழுகிற்று'. திண்ணை எங்கே மெழுகும்? அதை யாரோ மெழுகினார்கள். ஆனாலும் திண்ணையே செய்தது போலச் சொல்கிறோம். உங்கள் மாணவி கேட்டது அப்படியே இந்தக் கேள்விதான். வடமொழிக்காரர்கள் 'கர்மகர்த்தரி' என்று இதற்குத் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள்.

ஆகவே மிடிலை மொழிபெயர்க்க வேண்டாம், நூற்பாவிலிருந்தே எடுப்போம்: செய்ததுபோல்வினை.

நமக்கு இது அன்றாடப் பேச்சுதான். 'கதவைத் திறந்தான்', 'கதவு திறந்தது', இரண்டிலும் அதே திற. 'புத்தகத்தை விற்றான்', 'புத்தகம் நன்றாக விற்கிறது', அங்கேயும் அப்படியே. ஆனால் உடை அப்படி இல்லை. 'தட்டை உடைத்தான்', 'தட்டு உடைந்தது' என்று தமிழில் வடிவம் மாறும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'புரோக்'. நம் பிள்ளை அங்கே ஏதாவது ஒரு மாற்றத்தைத் தேடுகிறது. ஒன்றும் கிடைக்காதபோது 'வாஸ்' ஒன்றைச் செருகிவிடுகிறது. இது என் ஊகம்தான், வகுப்பில் சோதித்துப் பாருங்கள்.

---

மறுமொழி

அம்மா, திண்ணைக்கு நன்றி. சொல் பிடித்திருக்கிறது. ஆனாலும் இரண்டு தயக்கம்.

ஒன்று, 'போல்' என்றதும் போலி என்று பிள்ளைகள் சிரிக்கலாம். அது போகட்டும், இரண்டு நாளில் பழகிவிடும். வினையெச்சத்தைக் கேட்டு நாங்கள் சிரிக்காததா?

மற்றது கொஞ்சம் கனமானது. எங்கள் வகுப்பில் அடிக்கடி வரும் பிழை 'தி ஆக்ஸிடென்ட் வாஸ் ஹாப்பன்ட்'. 'வாஸ்' கூடாது என்று சொல்லியாயிற்று, சிவப்பு மையில் அடித்தும் ஆயிற்று, மறுவாரமும் வருகிறது. இந்த 'ஹாப்பன்ட்' செய்ததுபோல்வினையா? விபத்தும் எதுவும் செய்யவில்லையே?

---

மறுமொழி

இல்லை சார். சொல்லுக்குள்ளேயே விடை இருக்கிறது. எழுவாயை எடுத்து 'ஐ' உருபு போட்டு, அதே ஆங்கில வினையைப் பின்னால் வைத்துப் பாருங்கள். 'கதவை ஓப்பன் பண்ணினான்' வரும். 'தட்டை பிரேக் பண்ணினான்' வரும். 'விபத்தை ஹாப்பன் பண்ணினான்' வராது. செயப்படுபொருளாக இருக்கக்கூடிய ஒன்று எழுவாய் இடத்தில் உட்கார்ந்தால்தான் செய்ததுபோல். விபத்து ஒருநாளும் ஹாப்பனுக்குச் செயப்படுபொருள் ஆகாது. அது வெறும் செயப்படுபொருள் குன்றிய வினை. அதனால் அதற்குச் செயப்பாட்டு வடிவமும் கிடையாது, 'வாஸ்' வேண்டியதும் இல்லை.

இந்த 'பண்ணினான்' சோதனையைத் தாளிலேயே போடுங்கள். தமிங்கிலம் என்று யாராவது முகம் சுளித்தால் என்னைக் கைகாட்டிவிடுங்கள்.

---

மறுமொழி

நேற்று மாலை போட்டுப் பார்த்தேன். 'விபத்தை ஹாப்பன் பண்ணினான்' என்றதும் வகுப்பே சிரித்துவிட்டது. 'மறைந்தது' என்பதற்கு 'வாஸ் டிஸப்பியர்ட்' என்று எழுதியிருந்த பையன் தானே அடித்துத் திருத்தினான். காற்றைப் பற்றிக் கேட்ட பெண்ணுக்குத்தான் இன்னும் முழுத் திருப்தி இல்லை. "யாருன்னு சொல்லாம விடுறது ரெண்டாவது வாக்கியம், யாருங்கிற பேச்சே எடுக்காதது மூணாவது, சரியா சார்?" என்றாள். அதை அப்படியே விளக்கக் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

பெட்டியின் அகலத்துக்குள் 'செய்ததுபோல்வினை' அடங்கவில்லை, எழுத்து கீழே வழிகிறது. தாளில் 'செய்ததுபோல்' என்று மட்டும் வைக்கிறேன். ஆசிரியர் கையேட்டில் முழுச்சொல் இருக்கும். 'செல்ஸ் வெல்' வகையையும் இப்போதைக்கு இதே பெட்டியில்தான் விட்டிருக்கிறேன். மறுப்பு இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்கள் அச்சுக்குப் போகிறது.