மலைப் பயணத்துக்கு அடுப்பும் பாத்திரமும்: எது உழைக்கும், எது வழியில் கைவிடும்?

செப்டம்பரில் நாலு பேர் மணாலியிலிருந்து லே வரை பைக்கில் போகிறோம். சோறும் சாம்பாரும் நாமே பொங்கிச் சாப்பிடுவதாகத் திட்டம். எந்த அடுப்பு, எந்தப் பாத்திரம்? ஒரு தடவை வாங்கினால் பத்து வருஷம் உழைக்க வேண்டும். தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

* * *

தம்பி, அடுப்பைப் பார்க்கும் முன் எரிபொருளை முடிவு செய்துகொள்ளுங்கள். போகிற வழியில் எது கிடைக்குமோ அதில் எரிய வேண்டும். கிடைக்காத எரிபொருளுக்கான அடுப்பு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பையில் வெறும் சுமைதான்.

நம் ஊரில் சுலபமாகக் கிடைப்பது நீளமான பியூட்டேன் கேன். 220 கிராமுக்குச் சற்று மேலே வாயு இருக்கும், காடியில் பொருத்தித் திருப்பினால் மாட்டிக்கொள்ளும். மலையேறுகிறவர்கள் வைத்திருப்பது குட்டையான, மரை போட்ட கேன். அதற்குள் பெரும்பாலும் ஐசோபியூட்டேனோடு புரொப்பேன் கலந்திருக்கும். ஒன்றுக்கான அடுப்பு மற்றதில் உட்காராது. இரண்டையும் இணைக்க அடாப்டர் விற்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு இணைப்பும் கேஸ் கசியக்கூடிய இன்னொரு இடம், அதனால் நேராக மாட்டும் அடுப்பையே வாங்குங்கள். அடுப்பின் மரைக்குள்ளே சின்ன ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். நகத்தால் அழுத்தும்போது மெத்தென்று அமுங்காமல் வெடிப்பு தெரிந்தால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. கேனை மாட்டியதும் இணைப்பில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழி கிளம்பினால் பற்றவைக்கவே கூடாது.

குளிரில் கேஸ் ஏன் சோர்ந்துபோகிறது என்றால், உள்ளே இருக்கும் திரவம் ஆவியாக மாட்டேன் என்கிறது. கடல் மட்டத்தில் சாதா பியூட்டேனின் கொதிநிலை -0.5 டிகிரி, ஐசோபியூட்டேனுக்கு -11.7, புரொப்பேனுக்கு -42. உயரம் ஏறினால் கேஸ் வேலை செய்யாது என்று பொதுவாகச் சொல்வது பாதிதான் உண்மை. உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் பியூட்டேனின் கொதிநிலையும் இறங்குகிறது. நீங்கள் போகும் வழியில் வரும் சார்ச்சு போல 4,300 மீட்டர் உயரத்தில் அது ஏறக்குறைய -14 டிகிரி. தொல்லை வேறு இடத்திலிருந்து வருகிறது. ஆவியாகும் திரவம் தனக்குத் தேவையான சூட்டைக் கேனிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். முழுத் தீயில் பத்து நிமிடம் எரிந்தால் கேன் முதலில் வியர்க்கும், பிறகு அதன்மேல் வெள்ளையாகப் பனி படியும், தீ சுருங்கிவிடும். கை பொறுக்கும் வெதுவெதுப்பில் ஒரு கிண்ணத் தண்ணீர் வைத்து அதில் கேனை நிறுத்தினால் தீ திரும்ப எழும்பும். கொதிநீரோ நெருப்போ கேனுக்குப் பக்கத்தில் வரக்கூடாது.

கணக்குக்கு: காற்றில்லாத இடத்தில், மூடி போட்டு ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க 11, 12 கிராம் வாயு போகும். 230 கிராம் கேனில் 18 முதல் 20 லிட்டர் வரை கொதிக்கும். காற்றடித்தால் இது அப்படியே பாதியாகும். மீதி எவ்வளவு என்று குலுக்கிப் பார்த்தால் தெரியாது. புதுக் கேனைச் சமையல் தராசில் வைத்து வரும் எடையை மார்க்கர் பேனாவால் கேன்மேலேயே எழுதிவிடுங்கள். அடுத்த முறை நிறுத்தால் எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு செலவு.

* * *

அண்ணன் கேஸைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் பம்ப் ஸ்டவ்வுக்கு வருகிறேன். நம் வீடுகளில் கிருஷ்ணாயில் ஊற்றி, ஸ்டவ் பின்னால் அடைப்பைக் குத்தி, புஸ்ஸென்று எரிந்த அதே அடுப்புதான். சுவீடனில் லிண்ட்க்விஸ்ட் என்பவர் 1892இல் உருவாக்கியது, பெயர் பிரைமஸ். 1911இல் ஆமுண்ட்சென் தென்துருவத்துக்குக் கொண்டுபோனார். 1953இல் எவரெஸ்ட் ஏறிய குழுவிடமும் இருந்தது. இத்தனை காலம் நீடித்ததற்குக் காரணம் பித்தளை மட்டுமில்லை. அதில் பழுதாகிற ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி மாற்றலாம்.

பம்ப் தண்டின் நுனியில் கிண்ணி மாதிரி ஒரு தோல் வாஷர் இருக்கும். பல மாதம் சும்மா கிடந்தால் அது காய்ந்து சுருங்கிவிடும். அடிக்கும்போது கைக்கு எதிர்ப்பே தெரியாது, தண்டு லொடலொடவென்று போய்வரும். கழற்றி, விளிம்பை விரலால் விரித்துவிட்டு, ஒரு ராத்திரி எண்ணெயில் ஊறவையுங்கள். வீட்டில் தேங்காயெண்ணெய் தடவுவது வழக்கம், ஆனால் அது 24 டிகிரிக்குக் கீழே உறைந்துபோகும், லடாக்கில் வாஷர் இறுகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் உறையாது. இன்னொரு கோளாறு, பம்ப் கைப்பிடி தானாக மேலே எழும்புவது. அப்போது வாஷரைப் பழிக்க வேண்டாம், பம்பின் அடியில் இருக்கும் வால்வின் ரப்பர் தேய்ந்திருக்கிறது.

பற்றவைக்கும்போது அவசரம் கூடாது. காற்றுத் திருகைத் திறந்துவிட்டு, பர்னருக்கு அடியில் இருக்கும் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்துங்கள், 10 மி.லி. போதும். அது அணையப்போகும் நேரத்தில் திருகை மூடி ஏழெட்டு அடி அடியுங்கள். நீலமாகச் சீறினால் சரி. மஞ்சளாக முழ உயரம் எழுந்தால் பர்னர் இன்னும் சூடாகவில்லை, எண்ணெய் ஆவியாகாமல் திரவமாகவே வெளியே வருகிறது என்று அர்த்தம். திருகைத் திறந்து காற்றை விட்டு அணைத்து, ஆறியபின் முதலிலிருந்து தொடங்குங்கள். டேங்கில் முக்கால் அளவுக்குமேல் எண்ணெய் வேண்டாம். எண்ணெய் ஆவி சீறி வரும் சின்னத் துளையுள்ள நிப்பிள் அடைத்தால், அதற்கென்று விற்கும் ஸ்டவ் பின்னை விட்டு நேராக ஒரு குத்து, அவ்வளவுதான். தையல் ஊசியை விட்டால் துளை பெரிதாகி, பிறகு எப்போதும் புகையும் கரியும்தான்.

பைக் பயணத்துக்கு இதன் இன்றைய வடிவம், பாட்டிலும் பர்னரும் தனித்தனியாக நடுவில் குழாயோடு வரும் அடுப்பு. போகிற வழியில் டாண்டி பெட்ரோல் பங்க்கில் ‘அடுத்த பங்க் 365 கி.மீ.’ என்று எழுதிய பலகை பிரபலம். பைக்குக்கு எப்படியும் உபரி பெட்ரோல் எடுத்துப்போவீர்கள், அதுவே அடுப்புக்கும் ஆகும். ஆனால் ஒரே நிப்பிளில் எல்லாம் எரியாது. பிரைமஸ் ஆம்னிஃபியூயலில் கேஸுக்கு 0.45 மி.மீ., பெட்ரோலுக்கு 0.37, மண்ணெண்ணெய்க்கு 0.28 என்று மூன்று வரும். மண்ணெண்ணெய்க்குப் பெரிய துளையைப் போட்டால் கரி கக்கும். ஒன்றை மறக்கவே கூடாது: டேங்கின் மேலேயே பர்னர் உட்கார்ந்திருக்கும் பழைய பித்தளை ஸ்டவ்வில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். டேங்க் சூடேறும், பெட்ரோல் ஆவி அழுத்தம் கட்டுப்பாட்டை மீறும். அது வெடிகுண்டேதான்.

* * *

பாத்திரத்துக்கு வருவோம். சார்ச்சு உயரத்தில் தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். பொங்கிப் பொங்கி வழியும், அரிசி நடுவில் கல்லாக நிற்கும், துவரம்பருப்பு வேகவே வேகாது. அதனால் இந்தப் பயணத்துக்கு முதல் பாத்திரம் குக்கர்தான். நாலு பேருக்கு 3 லிட்டர். 400 கிராம் அரிசி ஏறக்குறைய அரை லிட்டர், அதற்கு ஒரு லிட்டர் தண்ணீர். சரியாகக் குக்கர் பாதி நிறையும், அதற்குமேல் போகக்கூடாது. அங்கே குக்கருக்குள் சுமார் 113 டிகிரிதான் வரும், சென்னையில் 120. ஆகவே வீட்டில் வைப்பதைவிடக் கூடுதல் நேரம் விடுங்கள். கேஸ்கெட் ஒன்று, சேஃப்டி வால்வு ஒன்று உபரியாக வேண்டும். தண்ணீர் வற்றிக் காய்ந்தால் வால்வுக்குள் இருக்கும் உலோகம் உருகி வழிவிடும், அதன்பின் அந்த வால்வு உதவாது.

நிறைந்த குக்கர் மூன்று கிலோவைத் தாண்டும். கேன் தலையில் நேராகத் திருகும் சின்ன அடுப்பில் அதை ஏற்றினால் கொஞ்சம் தட்டினாலே சாயும். குழாய் வைத்து, அகலக் கால் விரிக்கும் அடுப்புதான் குக்கருக்குத் தாங்கும்.

சாம்பார், ரசத்துக்கு ஆனடைஸ் செய்த (மேலே கடினமான ஆக்சைடுப் படலம் ஏற்றிய) அலுமினியச் சட்டி, 2.5 மி.மீ. கனத்துக்குக் குறையாமல். அலுமினியத்தில் சூடு பரவுவது ஸ்டீலைவிடப் பத்து மடங்குக்குமேல். கேம்ப் அடுப்பின் தீயோ நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குக் குவிந்து அடிக்கும். மெல்லிய ஸ்டீல் பாத்திரத்தில் அந்த வட்டம் மட்டும் தீய்ந்து, ஓரத்து அரிசி பச்சையாக நிற்கும். டைட்டானியமும் அப்படித்தான், எடை குறைவு என்று நிறையப் பணம் கொடுத்து வாங்கினாலும் தண்ணீர் சுடவைக்கத்தான் ஆகும். ஸ்டீல்தான் வேண்டும் என்றால் நடுவில் அலுமினியம் வைத்த ட்ரைப்ளை. அடியில் செம்பு பூச்சு மட்டும் உள்ளது கண்ணுக்கு அழகு, சூட்டைப் பரப்பும் அளவுக்கு அதில் கனமில்லை. மேல்பூச்சு இல்லாத அலுமினியத்தில் புளி ஊற்றி வைத்தால் உலோகம் அரிக்கும், ருசியும் கெடும். ஆனடைஸ் செய்ததும் கம்பி நாரால் தேய்த்தால் அதே கதிதான்.

நான்ஸ்டிக் பாத்திரத்தைச் சும்மா தீயில் வைத்தால் சில நிமிடத்தில் 260 டிகிரியைத் தாண்டும், பூச்சு சிதையத் தொடங்கும். ஈயச்சொம்பை ஆசைப்பட்டுக்கூட எடுத்துப்போக வேண்டாம். ஈயம் 232 டிகிரியில் உருகும், ரசம் வற்றினால் சொம்பு ஒழுகிவிடும்.

பாத்திரங்களில் முதலில் உடைவது கைப்பிடி. ஒட்டவைத்த பிடியைவிட ரிவெட் அடித்த பிடி மேல். அதைவிடவும் மேலானது பிடியே இல்லாமல், விளிம்பு வெளியே மடித்த சட்டியும் ஒரு நல்ல இடுக்கியும். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும், உடைய எதுவும் இல்லை. அடி தட்டையாக இருக்கட்டும், குழிந்த கடாய் மூன்று கால் அடுப்பில் நிற்காது.

* * *

சூட்கேஸ் மாதிரிப் பெட்டியில் வரும் கேசட் அடுப்பு வாங்குகிறவர்களுக்கு. பக்கத்தில் கேன் படுத்திருக்கும், மேலே மூடி. அதில் பெரிய தோசைக்கல்லைப் போட்டால் கல்லின் விளிம்பு கேன் அறையின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். கல்லின் சூடு கீழே இறங்கிக் கேனைச் சுடவைத்து, உள்ளே அழுத்தம் ஏறும். இந்த அடுப்பு வெடிக்க முக்கியக் காரணம் இதுதான். கேன் பக்கத்து மூடியைத் தாண்டாத பாத்திரம் மட்டும் வையுங்கள், இரண்டு அடுப்பை ஒட்டி வைக்காதீர்கள். எந்த அடுப்பானாலும் காற்றுத் தடுப்பு மூன்று பக்கம் போதும். கேனையும் சேர்த்துச் சுற்றினால் இதே ஆபத்து.

கூடாரத்துக்குள் அடுப்பு வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தலைவலி வந்து தெரியும்போது எழுந்திருக்கத் தெம்பிருக்காது.

கேன் விமானத்தில் எந்தப் பையிலும் போகாது. ரயிலிலும் கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டிக்குள் சட்டவிரோதமாகக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். அடுப்பைக் காலியாகக் கொண்டுபோய், கேனை மணாலியில் வாங்குங்கள். திரும்பி வந்து நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் பயன்படுத்த நினைத்தால், வனத்துறை அனுமதித்த இடம் தவிரக் காட்டுக்குள் தீக்குச்சிகூடக் கிழிக்காதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

* * *

தம்பி, உங்களுக்கு என்றால் பாட்டில் அடுப்பு, 3 லிட்டர் குக்கர், 2 லிட்டர் அலுமினியச் சட்டி, இடுக்கி. கூடவே சின்ன டப்பாவில் பம்ப் வாஷர் இரண்டு, ரப்பர் வளையம் நாலு, பின் இரண்டு, தையல் மெஷின் எண்ணெய் சிறு குப்பி. பட்டன் அமுக்கிப் பற்றும் லைட்டரை உயரத்தில் நம்ப முடியாது, தீப்பெட்டி இரண்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் மொட்டைமாடியில் அடுப்பை முழுசாகக் கழற்றி, மாட்டி, ஒரு வேளைச் சோறு வடித்துப் பாருங்கள். எந்தத் திருகுக்கு எந்த ஸ்பேனர் என்று அப்போதுதான் தெரியும். அந்த ஸ்பேனரையும் டப்பாவிலேயே போட்டுவிடுங்கள்.