போ ஜாக்சன்: பள்ளியிலேயே இப்படித்தானா? அப்புறம் என்ன ஆனார்?

வேளச்சேரி சுரேன்:
யூடியூப்ல ஒரு பழைய வீடியோ மாட்டுச்சு. பேஸ்பால் மைதானம். ஒருத்தர் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கிறார், வேகத்தை அடக்க முடியாம எதிர்ல இருக்கிற சுவர் மேலயே ஏறி ஓடி இறங்குறார். 1990, பால்டிமோர்னு போட்டிருந்தது. பேர் போ ஜாக்சன். அடுத்த வீடியோவுல அதே பேர்ல ஒரு ஆள் ஹெல்மெட் மாட்டிக்கிட்டு அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுறார். ரெண்டும் ஒருத்தரேவா? ஸ்கூல்ல படிக்கும்போதே ரெண்டும் ஆடினாரா? இப்ப என்ன பண்றார்? கிரிக்கெட் தவிர எதுவும் தெரியாத ஆளுக்குப் புரியற மாதிரி யாராவது சொல்லுங்க. அலபாமாவுல இருக்கிற அண்ணன் ஒருத்தர் இங்க எழுதுவாரே, அவர் கண்ணுல படட்டும்.

ஹூவர்க்காரர்:
பட்டுடுச்சு தம்பி.

ஒருத்தரேதான். ஸ்கூல்ல ரெண்டோட நிக்கல, இன்னும் மேல.

நான் இருக்கிறது பர்மிங்காம் பக்கம் ஹூவர். அங்கிருந்து காரை எடுத்தா கொஞ்ச நேரத்துல பெஸ்ஸமர், அவர் பிறந்து வளர்ந்த ஊர். இரும்பையும் எஃகையும் நம்பி எழும்பின ஊர். வீட்ல பத்துப் பிள்ளைகள், இவர் எட்டாவது. அம்மாவுக்கு மோட்டல்ல ரூம் சுத்தம் பண்ற வேலை. அவர் நிஜப்பேர் வின்சென்ட். அடங்காத பிள்ளைங்கிறதால காட்டுப்பன்றின்னு வீட்ல வெச்ச பட்டப்பேர் தேய்ஞ்சுதான் 'போ' ஆச்சு. ஒரு பாதிரியாரோட பன்றிகளைக் கல்லால அடிச்சு மாட்டிக்கிட்ட கதை இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். சீர்திருத்தப் பள்ளியில போட்டுடுவேன்னு அம்மா மிரட்டினதும் அப்பதான். திக்குவாய் வேற. யாராவது கேலி பண்ணினா வாயால சொல்ல முடியாத பதிலைக் கையால சொல்ற ரகம்.

படிச்சது மெக்கடோரி ஹைஸ்கூல். இங்கே பள்ளி விளையாட்டு சீசன் கணக்கு. இலையுதிர் காலத்துல ஃபுட்பால், குளிர்ல கூரைக்குள்ள தடகளம், வசந்தத்துல பேஸ்பால். வெட்டவெளித் தடகளமும் அதே வசந்தத்துலதான், அங்கேதான் ரெண்டும் முட்டிக்கும். 1982ல, கடைசி வருஷத்துல, 25 ஆட்டத்துல 20 ஹோம் ரன் அடிச்சார் (சிக்ஸர்னு வெச்சுக்கோ, ஆனா ஒரு முழு ஆட்டத்துல ஒண்ணு அடிச்சாலே பெரிசு). பள்ளி அளவுல அது அன்னைக்கு நாட்டுக்கே சாதனை. அதுவும் தடகளப் போட்டிக்காக ஏழு ஆட்டத்தை விட்டுட்டு. உயரம் தாண்டுதல்ல 6 அடி 9 அங்குலம், டிரிப்பிள் ஜம்ப்ல 48 அடி 8 அங்குலம்னு மாநில சாதனைகள் தனி.

டெகத்லானைச் சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. மொத்தம் பத்துப் போட்டி, ரெண்டு நாள், கடைசியா 1500 மீட்டர் ஓட்டம். ரெண்டு தடவை மாநிலச் சாம்பியன் ஆனார், அந்த 1500ஐ ஓடாமலே! ஒன்பதுலயே எட்டிப் பிடிக்க முடியாத அளவுக்குப் புள்ளியைக் குவிச்சுட்டு, போதும்னு உட்கார்ந்துட்டார். தூரம் ஓடுறது அவருக்குப் பிடிக்காது. நீ பார்த்த சுவரேற்றமெல்லாம் எனக்கு இதுக்கு அப்புறம்தான்.

பள்ளி முடியும்போதே நியூயார்க் யாங்கீஸ்ங்கிற பேஸ்பால் அணி கூப்பிட்டாங்க. வேணாம்னுட்டு ஆபர்ன் பல்கலைக்கழகம் போனார். குடும்பத்துல காலேஜ் வாசலைப் பார்க்கப் போற முதல் ஆள் நான்தான்னு அம்மாகிட்ட சொல்லியிருந்தார். 1985ல ஹைஸ்மன் டிராஃபி, கல்லூரி ஃபுட்பால்ல அதுக்கு மேல பரிசு கிடையாது. அடுத்த வருஷம் தம்பா பேங்கிற தொழில்முறை ஃபுட்பால் அணி உடல் பரிசோதனைக்குன்னு சொந்த விமானத்துல கூட்டிட்டுப் போச்சு. எல்லாம் கல்லூரி விளையாட்டு விதிப்படிதான்னு சொல்லி ஏத்திவிட்டாங்க. விதிப்படி இல்ல. அந்த ஒரு பயணத்தால கல்லூரி பேஸ்பால் சீசனோட மிச்சம் பறிபோச்சு. என்னை எடுத்தீங்கன்னா கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லிட்டார். அவங்க நம்பல, கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையா தேர்ந்தெடுக்கிறப்ப நாட்டிலேயே முதல் ஆளா அவரைத்தான் எடுத்தாங்க. 76 லட்சம் டாலர் மேஜையில இருந்தது. அதைத் தள்ளிட்டு சுமார் 10 லட்சம் டாலருக்கு கேன்சஸ் சிட்டி ராயல்ஸ்ல பேஸ்பால் ஆடப் போனார். ஃபுட்பால் பக்கம் திரும்பி வந்தது 1987ல, லாஸ் ஏஞ்சலஸ் ரெய்டர்ஸுக்கு. அதையும் 'பொழுதுபோக்கு'ன்னு சொன்னார். ஃபுட்பால்காரங்களுக்கு எரியாம இருக்குமா?

கணக்குப்பிள்ளை:
அண்ணே, நீங்க சொன்னா கேட்க நல்லாத்தான் இருக்கு. எண்ணையும் பாருங்க. பேஸ்பால்ல 694 ஆட்டம், 141 ஹோம் ரன், 841 ஸ்ட்ரைக் அவுட் (மூணு ஸ்ட்ரைக் விழுந்து அவுட் ஆகுறது), அடிக்கிற சராசரி .250, அதாவது நாலுக்கு ஒண்ணுதான் சரியான அடி. சுமாருக்குக் கொஞ்சம் மேல. ஃபுட்பால்ல மொத்தமே 38 ஆட்டம். ரெண்டு தொழில்முறை ஹால் ஆஃப் ஃபேம்லயும் (ஜாம்பவான்களுக்கான கௌரவப் பட்டியல்) அவர் பேர் கிடையாது. ஒண்ணுல மட்டும் நின்னிருந்தா சரித்திரம் ஆகியிருப்பார். ரெண்டு படகுல கால் வெச்ச கதைதான்.

ஹூவர்க்காரர்:
எண்ணெல்லாம் சரி. முடிவுதான் எனக்கு ஒட்டல.

பேஸ்பால் முழு சீசனையும் ஆடி முடிச்சுட்டு, ஃபுட்பால் சீசன்ல பாதி ஓடினப்புறம் வந்து சேர்ற ஆள் அவர். அப்படி வந்து 1987 நவம்பர் 30, அவரோட 25வது பிறந்தநாள், சியாட்டிலுக்கு எதிரா ஒரே ஆட்டத்துல பந்தோட 221 கஜம் ஓடினார். அதுல ஒரே ஓட்டம் 91 கஜம். அவர் ஃபுட்பால் வாழ்க்கை முழுக்க ஓட்டத்துக்கு 5.4 கஜம் சராசரி. பந்தோட ஓடுற அந்த இடத்துல ஆடுறவங்க நாலரை எடுத்தாலே சம்பளம் உயரும். 1989ல பேஸ்பால் ஆல்-ஸ்டார் ஆட்டத்துல (எல்லா அணியிலயும் சிறந்தவங்களைப் பொறுக்கி ஆடவைக்கிற ஆட்டம்) சிறந்த ஆட்டக்காரர். அந்த சீசன் 32 ஹோம் ரன், அவர் அடியால அணிக்கு வந்த ரன் 105. 1990 சீசனுக்கு ஃபுட்பால்லயும் ஆல்-ஸ்டார். ரெண்டுலயும் அப்படி வந்த முதல் ஆள்.

'ஒண்ணுல நின்னிருந்தா'ங்கிறது அவரைப் பத்தி எல்லாரும் போடுற பெருமூச்சு. வேற யாரையோ நினைச்சுப் போடுறதுன்னு எனக்குத் தோணும். 1500ஐ ஓடாம உட்கார்ந்த பையன்கிட்ட போய், நீ சாதனைப் பட்டியலுக்காக ஆடியிருக்கணும்னு சொல்லி என்ன பிரயோஜனம்?

பிசியோ கவிதா:
இடுப்புக் காயத்தை யாரும் சொல்லலையே? நாங்க படிக்கும்போது வகுப்புல எடுத்துக்காட்டாவே வந்த கேஸ். 1991 ஜனவரி 13, சின்சினாட்டியோட பிளே-ஆஃப். பின்னாலிருந்து காலைப் பிடிச்சு இழுத்து விழ வெச்சாங்க. பார்க்கிறதுக்குச் சாதாரண டேக்கிள்தான். ஆனா ஓடுற வேகத்துல கால் நின்னு உடம்பு நிக்கலைன்னா, தொடை எலும்போட உருண்டைத் தலை இடுப்புக் குழியை விட்டு நழுவும். அந்தத் தலைக்குப் போற ரத்தக்குழாய்கள் ரொம்ப மெல்லிசு. அது அறுந்தா எலும்பு உள்ளேயே செத்துப்போகும், குருத்தெலும்பும் கூடவே போகும். 1992ல இடுப்பு மாற்று அறுவை சிகிச்சை. அப்ப அவருக்கு 29 வயசு. அந்த உலோக இடுப்போட திரும்பி வந்து பேஸ்பால் ஆடினார் பாருங்க, எங்க ஆளுங்களுக்கு இன்னைக்கும் அது ஆச்சரியம்.

வேளச்சேரி சுரேன்:
அய்யோ. திரும்பி வந்தாரா? எப்படி?

ஹூவர்க்காரர்:
கவிதாம்மா சொன்னது அத்தனையும் சரி. ராயல்ஸ் கைவிட்டாங்க, சிகாகோ ஒயிட் சாக்ஸ் எடுத்துக்கிட்டாங்க. அறுவை சிகிச்சை நடந்த அதே 1992ல அம்மாவும் புற்றுநோயில போயிட்டாங்க. திரும்பி வந்து அடிக்கிற முதல் அடி உனக்குன்னு அவங்ககிட்ட சொல்லி வெச்சிருந்தார். 1993 ஏப்ரல் 9, சொந்த மைதானத்துல சீசனோட முதல் ஆட்டம், பாதியில மாற்று ஆளா இறக்கினாங்க. ஹோம் ரன். எதிரணி யாருன்னு நினைக்கிறே? பதினோரு வருஷத்துக்கு முன்னால அவர் வேணாம்னு விட்ட அதே யாங்கீஸ். அந்த சீசன் 16 ஹோம் ரன் அடிச்சார். அடுத்த வருஷம் கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ்ல இருக்கும்போது ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் வந்து சீசன் நின்னுபோச்சு. சத்தமில்லாம ஒதுங்கிட்டார், 31 வயசுல. 1995ல ஆபர்ன் போய் விட்ட படிப்பை முடிச்சுப் பட்டம் வாங்கினார். அதுவும் அம்மாவுக்குக் கொடுத்த வாக்குதான்.

அப்புறம் சிகாகோ பக்கம் குடும்பம், இறைச்சி வியாபாரம், வில்-அம்பு வேட்டை. பேட்டி கொடுக்க அலைய மாட்டார். தலைக்காயம் பத்தித் தெரிஞ்சிருந்தா ஃபுட்பால் ஆடியே இருக்க மாட்டேன்னு 2017ல வெளிப்படையாச் சொன்னார். கவனிச்சுக்கோ, இடுப்பு போனதுக்காகச் சொல்லல. 2022ல டெக்சாஸ் யுவால்டி பள்ளித் துப்பாக்கிச் சூட்டுல செத்த குழந்தைங்களோட இறுதிச் சடங்குக்கு நண்பர் ஒருத்தரோட சேர்ந்து 1,70,000 டாலர் கொடுத்தார். முதல்ல பேர் போடாமத்தான் கொடுத்தார். 2023ல பார்த்தா மாசக்கணக்குல நிக்காத விக்கல், அதுக்கு வைத்தியம் பார்த்தேன்னு ரேடியோவுல சொல்றார்.

எங்க ஊர்க்காரங்களுக்கு அவர் பேர் சொன்னா ஞாபகம் வர்றது சைக்கிள். 2011 ஏப்ரல் 27 சூறாவளியில அலபாமாவுல மட்டும் இருநூறுக்கு மேல செத்தாங்க. அடுத்த வருஷம், அந்த மாத்து இடுப்போட, சூறாவளி போன பாதையிலேயே அஞ்சு நாள்ல சுமார் 300 மைல் மிதிச்சு நிவாரண நிதிக்குப் பணம் திரட்டினார். தூரம் பிடிக்காதுன்னு சொன்ன ஆள்! அதுக்கப்புறம் ஆபர்ன்ல வருஷாவருஷம் அந்த சைக்கிள் பயணம் ஒரு நாள் மட்டும் நடக்குது. 60 மைல் ஒண்ணு, என் மாதிரி ஆளுங்களுக்கு 20 மைல் ஒண்ணு. ஒரு தடவை போயிருக்கேன், மேட்டுல மூச்சு வாங்கி நிக்கிறப்ப பக்கத்துல யாரோ பெரிய உருவமா ஓட்டிட்டுப் போனாங்க. அவர்தானான்னு கேட்காதே, எனக்குக் கண்ணே தெரியல.

கணக்குப்பிள்ளை:
சரிண்ணே, 1500 விஷயத்துக்காக விட்டுக்கொடுக்கிறேன். .250 மட்டும் .250தான்.