புதுப்பிப்பு: சித்தப்பாவின் புல்லட்டுக்கு மூன்றாவது சக்கரம்

முழங்கால் தேய்மானத்தால் காரைக்குடிச் சித்தப்பா புல்லட்டை விற்றுவிடலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பெரும்பாலோர் விற்கச் சொன்னீர்கள். விற்கவில்லை, இடப்பக்கம் சைடுகார் (ஒற்றைச் சக்கரத்தோடு வண்டியின் பக்கவாட்டில் இணைக்கும் இருக்கை) பூட்டியாயிற்று.

அவருக்கு ஓட்டுவதில் சிரமமே இல்லை. நிற்கும்போது அந்த எடையைக் காலால் தாங்குவதுதான் முடியாமல் போனது. இப்போது கால் ஊன்ற வேண்டியதில்லை.

ஆனால் பழக்கத்தை அடியோடு மாற்றணும். வளைவில் வண்டி சாயாது, கைப்பிடியைத் திருப்பித்தான் ஓட்டணும். ஆக்சிலரேட்டரை முறுக்கினால் இடப்பக்கம் இழுக்கும், பிரேக் போட்டால் வலப்பக்கம். ஆளில்லாத சைடுகாரோடு இடப்பக்கம் வேகமாகத் திரும்பினால் அதன் சக்கரம் தூக்கிவிடும். அதனால் சித்தி வராத நாளில் மணல் மூட்டை ஏறும். குன்றக்குடிச் சாலையில் நிதானமாகப் பழகினார்.

இன்னொன்று, ரொம்ப முக்கியம்: 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி இந்த மாற்றத்துக்கு ஆர்டிஓ ஒப்புதல் வேண்டும், ஆர்சியிலும் பதியணும். இன்சூரன்ஸுக்கும் சொல்லிவிடுங்கள்.

பிள்ளையார்பட்டிக்கு இருவரும் மறுபடி வண்டியிலேயே போகிறார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.