வெள்ளவத்தையும் வெளிநாடும் (குடும்ப குரூப்)

*குட்டி சேர்த்தார்: மேல்வீட்டு நானா*

குட்டி: டொக்டர் ஹூ (ஒரு பெட்டியில ஏறி காலத்தில பயணம் போற வேற்றுக்கிரகத்து டொக்டரின்ட பிபிசி தொடர்) ஸ்பெஷல் மூண்டும் பாத்து முடிச்சாச்சு. டிஸ்க் கொண்டுவந்து தந்த லண்டன் மாமிக்கு நன்றி நன்றி. இப்ப மூண்டாவதின்ட முடிவால எங்கட ஹோல்ல ரெண்டு கட்சி, அப்பா ஒரு பக்கம் மிச்ச ஆக்கள் எல்லாரும் மற்றப் பக்கம்

சின்ன மாமா: மிச்ச ஆக்கள் எண்டா ஆர். உன்ட அப்பம்மா முதலாவது முடிய முன்னமே நித்திரை. அவவின்ட வோட்டையும் உன்ட பக்கம் எண்ணாத

லண்டன் சித்தி: அட பாத்திட்டீங்களோ!! 60ஆவது வருசத்துக்கு எண்டு செய்தது. 2023 நவம்பர் 25 தொடங்கி மூண்டு சனிக்கிழமை, அந்த நேரம் ஆர் போன் எடுத்தாலும் நான் எடுக்கேல்லை. சொல்லுங்கோ எப்பிடி

அண்ணா ஸ்காபரோ: பௌர்ணமி போயாவுக்கு கோயிலுக்குப் போகாமல் உதோ பாத்தனீங்கள். கொழும்பில ஆரப்பா உதெல்லாம் பாக்கிறது

சின்ன மாமா: டேய் விஞ்ஞானக் கதை எழுதின ஆதர் சி கிளார்க் 1956 இல வந்து 2008 இல சாகுமட்டும் இருந்தது இந்த ஊரிலதான். அவரைத் தாட்டது பொரளை கனத்தை மயானத்தில. ஸ்காபரோவில ஆர் இருக்கினம் சொல்லு பாப்பம்

அண்ணா ஸ்காபரோ: சரி சரி. எது நல்லம்

நான்: ரெண்டாவது. வைல்ட் புளூ யொண்டர். அதில கதையே இல்லை. பிரபஞ்சத்தின்ட அந்தத்தில ஒரு வெறும் கப்பல், டொக்டரும் அவரோட பயணம் போற டொனாவும் மட்டும். ஒரு அறையில டொனா டொக்டரோட கதைக்கிறா, டொக்டர் டொனாவோட கதைக்கிறார், நாங்களும் ரெண்டு பேரும் ஒரே இடத்திலதான் இருக்கினம் எண்டு நினைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருக்கிறம், பேந்து பாத்தா ரெண்டு பேரும் வேற வேற அறை, ஒவ்வொருத்தருக்கும் முன்னால நிக்கிறது மற்ற ஆளே இல்லை. அதுகளின்ட கை நீண்டு நீண்டு நிலத்தில முட்டுது

குட்டி: அந்த இடத்தில பெரிய மாமி கத்தின கத்தல் மரைன் டிரைவ் வரைக்கும் கேட்டிருக்கும்

அம்மா: நான் கத்தேல்லை. தேத்தண்ணி கொட்டுப்பட்டது

சின்ன மாமா: ரெண்டாவதைப் பற்றி எனக்கும் ஒரு குறையும் இல்லை. ரெண்டு நடிகர், ஒரு நீட்டு நடைபாதை, மெதுவா அடி வைக்கிற ஒரு பழைய ரோபோ. காசு கொட்டாமலே பயப்படுத்திறது, அதுதான் இந்தத் தொடரின்ட தொழில். அந்தக் கப்பல் கப்டன் செய்ததைக் கவனிச்சியளோ, அந்த ரெண்டு பிறவியும் நாங்கள் யோசிக்க யோசிக்க அதைப் பிடிச்சுக் கொப்பி அடிக்குங்கள், ஆனபடியால் கப்டன் தானே வெளியில பாய்ஞ்சு செத்துப்போட்டு, கப்பலை வெடிக்க வைக்கிற வேலையை அந்த ரோபோவிட்டக் குடுத்து மெதுமெதுவா நடக்க விட்டிருக்குது, அவ்வளவு மெதுவா நடக்கிற ஒண்டு அதுகளுக்கு விளங்காது எண்டு. நல்ல மூளை

அண்ணா ஸ்காபரோ: எனக்கு அதுதான் ஏமாத்தம் மாமா. வர முன்னம் அந்த எபிசோட்டைப் பற்றி பெரிசா ஒண்டும் வெளியில விடேல்லை. அப்ப நாங்கள் எல்லாம் என்ன நினைச்சனாங்கள், பழைய டொக்டர்மார் மட் ஸ்மித் வருவார் கபால்டி வருவார் எண்டு. 60 வருசத்துக்கு வேற என்னத்தை ஒளிக்கப் போகினம். கடைசில வந்தது நீட்டுக் கை

லண்டன் சித்தி: வராதது நல்லம் தம்பி. எல்லாரையும் கூட்டி நிரையா நிக்க வைச்சு போட்டோ எடுக்கிறதுக்கா ஸ்பெஷல். எனக்கு அந்தக் கடைசிக் காட்சி ஒண்டே போதும். சக்கர நாற்காலியில டொனாவின்ட தாத்தா வில்பிரட். அவரா நடிச்ச பேர்னார்ட் கிரிபின்ஸ் 2022 ஜூலையில செத்திட்டார், அது வெளிய வரேக்க ஆள் இல்லை. நான் அழுதனான் வெக்கமில்லாமல் சொல்லுறன்

மேல்வீட்டு நானா: அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும். எங்கட ஊட்டுப் புள்ளயளுக்கு முதலாவதுதான். அந்த வெள்ளமயிர் மீப் ஒண்டு வளக்கோணுமாம். அது மனுசர கொல்லுற சாமான் எண்டு தெரிஞ்ச பொறகும் வளக்கோணுமாம்

சின்ன மாமா: நானா அந்த மீப் இப்ப வந்தது இல்லை. 1980 இல டொக்டர் ஹூ வீக்லி எண்டு ஒரு புத்தகத்தில சித்திரக்கதையா வந்தது. பட் மில்ஸ் எழுத டேவ் கிபன்ஸ் கீறினது. நான் அப்ப லண்டனில படிச்சுக்கொண்டிருந்தனான், பஸ்ஸில இருந்து வாசிச்சிருக்கிறன். பூனைக்குட்டி மாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு கடைசில அதுதான் கொலைகாரன் எண்டு வரேக்க ஒரு அடி விழுந்த மாதிரி இருந்தது. இதில மிரியம் மார்கோலிஸ் குரல் குடுத்தது அந்தமாதிரி

குட்டி: மீப் ஓகே. ஆனா முடிவு?? 2008 இல டொக்டரின்ட சக்தி டொனாவுக்குள்ள போனதால அவவின்ட ஞாபகத்தை அழிச்சு விட்டவை, திரும்ப ஞாபகம் வந்தா மூளை எரிஞ்சு செத்துப்போவா எண்டு. அதுக்கு அழுத சனம் எவ்வளவு. இப்ப என்னெண்டா அந்தச் சக்தி பாதி மகள் ரோஸுக்குப் போயிட்டுதாம், தாயும் மகளும் கையைப் பிடிச்சு "விட்டாச்சு" எண்டு விட்டிட்டினமாம். அவ்வளவும்தானோ?? அப்ப அண்டைக்கே விட்டிருக்கலாமே

நான்: இந்த ஒண்டில குட்டி சொல்லுறது சரி. பூட்டு நல்ல பூட்டு, திறந்த விதம் சரியில்லை. ஆம்பிளையாத் தெரியிற டைம் லோர்டுக்கு (அதுதான் டொக்டரின்ட இனம்) விளங்காது எண்டு ஒரு டயலாக் வேற, அதுவும் கொஞ்ச நேரத்துக்கு முன்னம் பொம்பிளையா இருந்த ஆளைப் பாத்து. இங்கிலாந்தில சனம் ரெண்டாப் பிரிஞ்சு கத்தினதுக்கு அதுவும் ஒரு காரணம்

அம்மா: கத்தட்டும். அந்த ரோஸ் பிள்ளையைப் பற்றி ஆரும் ஒண்டும் சொல்லாதேங்கோ. அது ட்ரான்ஸ் பிள்ளை எண்டு குட்டி சொல்லித்தான் விளங்கினது. அந்த அம்மம்மாக்காரி குசினியில நிண்டு, பேத்தி வடிவா இருக்கிறாள் எண்டு சொல்லலாமோ, முந்தி பெடியனா இருக்கேக்க அப்பிடிச் சொன்னனானோ, இப்ப சொன்னாப் பிழையோ எண்டு தடுமாறிறா பாருங்கோ, அது நடிப்பு மாதிரியே இல்லை. வெள்ளைக்காரருக்கும் எங்களுக்கும் அதில ஒரு வித்தியாசமும் இல்லை

லண்டன் சித்தி: அக்கா 100/100

குட்டி: நான் ரோஸைச் சொல்லேல்லை மாமி, கதையைத்தான் சொன்னனான். சரி இனி மூண்டாவது. அப்பா ரெடியோ

சின்ன மாமா: ரெடி

மேல்வீட்டு நானா: மூணாவதுல மொத பாதி எனக்கு நல்லம். 1925ல பெயார்ட் டிவி கண்டுபுடிக்கக்குள்ள ஒரு பொம்மய வெச்சித்தானே படம் காட்டின, வெளக்குச் சூடு மனுசருக்குத் தாங்காது எண்டு. அது மெய்யாவே நடந்த விசயம். கதயில அந்தப் பொம்மட சிரிப்பு எல்லா ஸ்கிரீனுக்குள்ளயும் ஒளிஞ்சிருந்து, உலகத்துல எல்லாரும் தான் சொல்லியதுதான் சரி எண்டு அடிபடுறாங்க. பாக்கக்குள்ள எங்கட ஃபிளாட்ஸ் கமிட்டி குரூப் ஞாபகம் வந்திச்சு

நான்: நானா இந்தக் குரூப்பில கொஞ்ச நேரம் இருங்கோ, கமிட்டி குரூப் பரவாயில்லை எண்டுவீங்கள்

சின்ன மாமா: இப்ப நான் சொல்லுறதை ஒருக்கா முழுக்க வாசியுங்கோ. 1966 இல முதலாவது டொக்டரா நடிச்ச ஹார்ட்னலுக்கு உடம்பு ஏலாமல் வந்திட்டுது, ஆளை மாத்தோணும், தொடரை நிப்பாட்டவும் ஏலாது, அப்பதான் இந்த முகம் மாறுறதைக் கண்டுபிடிச்சவை, ட்ரூட்டன் வந்தார், அண்டு தொடக்கம் ஒரே ஒரு நியாயம்தான், பழைய ஆள் போனாத்தான் புது ஆள் வரலாம், அந்தப் போறதுதான் இந்தக் கதையின்ட உயிர், நாலாவது டொக்டர் டொம் பேக்கர் 1981 இல போகேக்க ஏழு வருசம் இருந்த மனுசன் போயிட்டார் எண்டு லண்டனில எங்கட அறையில ஆரும் கதைக்கேல்லை, இப்ப என்னெண்டா நெஞ்சில சுட்டாப்பிறகு ரெண்டு பேர் ரெண்டு பக்கம் பிடிச்சு இழுக்க ஒருத்தர் ரெண்டாப் பிரியிறார், பழையவரும் இருக்கிறார் புதியவரும் இருக்கிறார், பைஜெனரேசனாம், பெட்டியையும் சுத்தியலால அடிச்சு ரெண்டாக்கியாச்சு, ஆருக்கும் ஒரு நட்டமும் இல்லை. நட்டம் இல்லாட்டி நான் என்னத்துக்கு அழுறது

அண்ணா ஸ்காபரோ: மாமா நான் உங்கட பக்கம்

குட்டி: துரோகி

லண்டன் சித்தி: சின்னண்ணா நீங்கள் 2010 ஜனவரி 1ஐ மறந்திட்டீங்கள். அண்டைக்கு, இந்த மூண்டிலயும் டொக்டரா நடிச்ச இதே டேவிட் டெனன்ட் போக மனமில்லை எண்டு அழுதுகொண்டு போனவர். அந்த நட்டத்தை நாங்கள் ஒருக்காக் கட்டிப்போட்டம். திரும்பவும் அதே ஆளைக் கொண்டுவந்து திரும்பவும் சாக்காட்டினா அது சோகம் இல்லை, வருத்துறது

அம்மா: எனக்கு மூண்டாவதின்ட கடைசில வாற அந்தத் தோட்டத்து மேசைதான். எல்லாரும் சுத்தி இருந்து சாப்பிடுகினம், பழைய டொக்டருக்கும் ஒரு கதிரை. எத்தினை சண்டை, எத்தினை பேரைப் பறிகுடுத்தவர். இனி எங்கயும் ஓடத் தேவையில்லை எண்டு ஒருத்தருக்குச் சொல்லுறதில என்ன பிழை. தம்பி நீ பென்சன் எடுத்த அண்டைக்கு உன்னை ஆரும் சுட்டவையோ

குட்டி: ஹாஹாஹா அப்பா ஓஃப்லைன்

சின்ன மாமா: இருக்கிறன். பென்சன் எடுத்தவன் ஒஃபீஸ் திறப்பையும் கொண்டு வீட்ட போறேல்லை அக்கா. இவர் கொண்டு போயிட்டார்

நான்: எனக்கு ரெண்டு பக்கமும் இல்லை. அந்த மேசை வேணும், ஆனா அதுக்கு நட்டப்பட்டது புதுசா வந்த கட்வாதான். புது டொக்டர் வாற முதல் நாள் முழுக்க அவற்ற நாளா இருக்கோணும். இது புது மருமகள் வந்து நிக்கிறா, மாமியார் இன்னும் அகப்பையைக் கீழ வைக்கேல்லை. சனம் பாத்தது டெனன்டைத்தான். அந்தப் பெடியன்ட சிரிப்பு எவ்வளவு வெளிச்சம், அரை மணித்தியாலமும் தரேல்லை

மேல்வீட்டு நானா: களிசானும் குடுக்கல்லயே

குட்டி: ஐயோ அந்த நேரம் பாத்து அப்பம்மா முழிச்சவ. "ஏன் பிள்ளை அந்தத் தம்பி சேட்டும் போட்டு உள்ளுடுப்போட நிக்குது" எண்டு கேட்டவ. உடுப்பும் ரெண்டாப் பிரிஞ்சிட்டுது அப்பம்மா, மற்ற ஆளுக்குத்தான் களிசான் போனது எண்டு சொன்னன். "அப்ப மூத்தவர் குடுத்திருக்கலாமே" எண்டு சொல்லிப்போட்டு திரும்பப் படுத்திட்டா

சின்ன மாமா: பாத்தியோ. அம்மாவும் என்ட பக்கம்

அண்ணா ஸ்காபரோ: கட்வா பாவம்தான். கிறிஸ்மஸுக்கு சேர்ச் ஒன் ரூபி ரோட், பேந்து 2024 இல ஒரு எட்டு எபிசோட் 2025 இல ஒரு எட்டு, முடிஞ்சுது. கடைசில அவர் மாறினது நடிகை பில்லி பைப்பரின்ட முகமா. தொடருக்குக் காசு போட்ட டிஸ்னியும் விட்டிட்டுப் போயிட்டுது

சின்ன மாமா: அவரெண்டாலும் முறையாப் போனவர்

லண்டன் சித்தி: இந்தத் தொடருக்கு ஸ்பெஷல் எண்டா எப்பவும் சண்டைதான். 1983 இல ஃபைவ் டொக்டர்ஸ் எண்டு ஐஞ்சு பேரைக் கூப்பிட்டா டொம் பேக்கர் மாட்டன் எண்டவர், எடுத்து முடியாமல் கிடந்த பழைய கதையின்ட துண்டொண்டை ஒட்டினவை. ஹார்ட்னல் செத்து எட்டு வருசம், வேற ஆள் நடிச்சவர். 1993 இல ஈஸ்ட்எண்டர்ஸ் எண்ட வேற தொடரின்ட ஆக்களோட சேத்து ஒண்டு செய்தவை, அதைப் பற்றி இங்க ரசிகர் ஆரிட்டயும் கதைக்காதேங்கோ, எழும்பிப் போயிடுவினம்

மேல்வீட்டு நானா: ஒரு விசயம், டொக்டர் ஹூட மொத கதய டிரெக்ட் பண்ணின ஆள் லக்னோவில பொறந்த வாரிஸ் ஹுசேன். 1963ல 24 வயசு. அத ஏன் ஒருத்தரும் பெருசாச் சொல்லியல்ல

சின்ன மாமா: நல்ல கேள்வி நானா. புரடியூசர் வெரிட்டி லாம்பர்ட்டும் இளம் பொம்பிளை. அந்தக் காலத்து பிபிசியில ரெண்டு பேரையும் ஆரும் மதிக்கேல்லை. அவை செய்தது இப்பவும் ஓடுது

குட்டி: அடுத்த போயாவுக்கு என்ன. நான் சொல்லுறது 2013, டே ஒஃப் த டொக்டர். ஜோன் ஹர்ட் இருக்கிறார், கடைசில டொம் பேக்கரும் வாறார். அப்பாக்கும் பிடிக்கும்

சின்ன மாமா: முதல்ல 1966 இல வந்த டோய்மேக்கர் கதை பாக்கோணும். இந்த வில்லன் ஆரெண்டு தெரியாமல்தானே மூண்டாவதைப் பாத்தனீங்கள். நாலு பாகத்தில கடைசி ஒண்டுதான் மிஞ்சிக் கிடக்குது, அது போதும்

குட்டி: கறுப்பு வெள்ளையோ. அதுவும் கடைசிப் பாகம் மட்டுமோ

மேல்வீட்டு நானா: எது போட்டாலும் சரி, எங்கட ஊட்டால வட்டிலப்பம் வரும்

அம்மா: அப்ப ரெண்டையும் போடுங்கோ

நான்: அம்மா உங்களுக்குச் சீனி

அம்மா: போயாவுக்கு மட்டும்தானே