பாடக்குறிப்புக்கு அவசரமாக நான்கு சொற்கள்: மிதவைச் சட்டை சரியா?

ச., திருகோணமலை

அனைவருக்கும் வணக்கம். நிலாவெளியில் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சுழியோடல் (கடலுக்கடியில் இறங்கும் டைவிங்) வகுப்பு திங்கட்கிழமை தொடங்குகிறது. பாடக்குறிப்பைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டரோடு இறங்குகிறவர்கள் இவர்களின் வீடுகளிலேயே உண்டு. அதனால் சிலிண்டர், அதன் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர் இரண்டையும் அப்படியே விட்டுவிட்டேன்.

சிக்கல், கருவிகளை எப்படிப் பூட்டிக்கொள்வது என்ற அத்தியாயத்தில். காற்றை ஏற்றியும் இறக்கியும் மிதப்பைச் சரிசெய்யும் பிசிடிக்கு 'மிதவைச் சட்டை' என்று போட்டேன். ஆனால் அந்த அத்தியாயம் பேசுவதே இரண்டு வகைகளைப் பற்றி. ஒன்று சட்டை போலப் போட்டுக்கொள்வது. மற்றது முதுகுப்பலகை, பட்டை, பலகைக்கும் சிலிண்டருக்கும் நடுவே சிறகு போல ஒரு பை. 'சிறகு வகை மிதவைச் சட்டை' என்று எழுதிப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது, அதில் சட்டையே இல்லை.

மற்ற மூன்று: ஆக்டோபஸ் என்கிற உதிரி ரெகுலேட்டர் வாய், மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நிற்கும் நிலை, கருவிகள் முழுவதையும் மாட்டிக்கொள்ளும் விதமான கான்ஃபிகரேஷன்.

இரா., மதுரை

ச. அம்மாவுக்கு, இதற்குப் புதுச்சொல் படைக்க வேண்டியதே இல்லை. குறள் 306இல் 'ஏமப்புணை' இருக்கிறது. ஏமம் காவல், புணை தெப்பம். மூங்கிலையும் வேழம் என்கிற நாணலையும் பிணைத்துக் கட்டுவதால் புணை. கடனுக்கு ஈடு நிற்பவனையும் புணை என்கிறோம்; அவனும் ஒருவனை மூழ்காமல் காப்பவன்தானே? புணர், புணை, பிணை எல்லாம் ஒரே வேர். இதைத் தனியாக எழுதியிருக்கிறேன், கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன்.

'சுழியோடல்' உங்கள் நாட்டு வழக்கு என்று அறிவேன். ஆனால் அகநானூறு 'வலம்புரி மூழ்கிய வான்திமிற் பரதவர்' என்கிறது. மூழ்குநர் என்றே எழுதலாமே.

பெ., தூத்துக்குடி

ஐயா, எங்கள் கடற்கரையில் ஒருத்தன் மூழ்கினான் என்றால் அப்புறம் அவன் வீட்டில் ஒப்பாரிதான். நாங்கள் குளிப்போம். முத்துக் குளித்தல், சங்கு குளித்தல். அந்தக் காலத்தில் சுறாவை மந்திரத்தால் கட்டும் கடற்கட்டி வராமல் குளியாட்கள் தண்ணீரில் கால் வைக்கமாட்டார்கள். அவருக்குச் சிப்பியில் பங்கும் உண்டு. பாதுகாப்பு அத்தியாயத்தில் அவரையும் சேர்க்கலாம் என்று சொல்லவில்லை, நினைவுக்கு வந்தது.

ஆக்டோபஸுக்கு எங்களிடம் சொல் இருக்கிறது: பேய்க்கணவாய். மாணவனிடம் 'காற்றுத் தீர்ந்தால் பக்கத்தில் இருப்பவனுடைய பேய்க்கணவாயைப் பிடித்து வாயில் வை' என்று சொல்லிப் பாருங்கள்.

கு., புதுச்சேரி

இரா. ஐயாவின் தமிழுக்குத் தலைவணங்குகிறேன், ஆனால் ஏமப்புணை ஆபத்தான சொல். பிசிடி உயிர்காப்புச் சட்டை இல்லை. மயங்கிய ஒருவரை முகம் மேலாக வைத்திருக்கும் என்று அதை நம்ப முடியாது. சிறகு வகையில் காற்றெல்லாம் முதுகுப்பக்கம் இருப்பதால், மேற்பரப்பில் அதிகம் ஊதினால் முகத்தை முன்னால் தள்ளும்.

இன்னொன்று. 10 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே பயத்தில் பொத்தானை அழுத்தி ஒரு லிட்டர் காற்றை ஏற்றினால், மேலே வருவதற்குள் அது இரண்டு லிட்டராகும். ஏற ஏறப் பை பெருக்கும், பை பெருக்கப் பெருக்க இன்னும் வேகமாக ஏறும். புதியவன் மூச்சையும் அடக்கிக்கொண்டிருந்தால் நுரையீரல் கிழியலாம். 'ஏமம்' என்று பெயர் வைத்தால் பயந்தவன் கை முதலில் அங்கேதான் போகும். இதே காரணத்தால் ச. அக்காவின் மிதவைச் சட்டையும் எனக்கு ஒப்பவில்லை. படகில் வளர்ந்த பிள்ளைகள் அதை லைஃப் ஜாக்கெட் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

வெ., சென்னை

கான்ஃபிகரேஷனுக்குக் கணினித் தமிழில் 'உள்ளமைவு' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ஒரே சொல்லைத் துறைக்குத் துறை மாற்றுவது நல்லதல்ல.

நிற்கும் நிலைக்கு 'அந்தரம்' என்பேன். அந்தரத்தில் நிற்பது என்றால் பாமரருக்கும் புரியும். மிதப்பு என்ற சொல்லையே தவிர்க்கப் பார்க்கலாம். இங்கே ஒருவன் மிதப்பில் இருக்கிறான் என்றால் ஒன்று திமிர், இல்லை சரக்கு. 'மிதப்புக் கட்டுப்பாடு' என்ற பாடம் மதுவிலக்குத் துறைக்குப் பொருந்தும்.

பெ., தூத்துக்குடி

உடம்புக்கு வெளியே மாட்டுவதற்கு உள்ளமைவா?

ச., திருகோணமலை

வெ. அண்ணா, அந்தரம் அழகான சொல், ஆனால் எங்கட பக்கம் அந்தரம் என்றால் பதற்றம், அவசரம். தண்ணீருக்குள் இறங்குமுன் பெடியனுக்கு நான் முதலில் சொல்வதே 'அந்தரப்படாதே' என்பதுதான். பிறகு 'ஐந்து மீட்டரில் அந்தரத்தில் நில்' என்று எழுதினால் என்னாவது? 'சமமிதப்பு' என்று வைத்துக்கொள்கிறேன். திமிருக்கும் சரக்குக்கும் இங்கே வேறு சொற்கள் உண்டு.

உதிரி வாய்க்கு 'கொடைவாய்' என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். காற்றுத் தீர்ந்தவருக்குக் கொடுப்பது, அதனால் கொடை. ஆசையாகத்தான் இருந்தது.

கு., புதுச்சேரி

கொடைவாயிலும் அதே சிக்கல். நாம் வகுப்பில் வழக்கமாகக் கற்பிக்கும் முறையில், ஏறக்குறைய ஒரு மீட்டர் மஞ்சள் குழாயில் தாடைக்கும் விலாவுக்கும் நடுவே செருகியிருக்கும் உதிரியைக் கொடுக்கிறோம். நெடுங்குழாய் முறையில் அப்படி இல்லை. வாயில் இருப்பதையே எடுத்துக் கொடுத்துவிட்டு, கழுத்தில் ரப்பர் வளையத்தில் தொங்கும் உதிரியை நாம் வாயில் வைத்துக்கொள்கிறோம். ஃபுளோரிடா குகைகளில் இடுக்கில் ஒருவர் பின் ஒருவராக வெளியேற வேண்டியிருந்ததால் வந்த முறை, அதனால்தான் குழாய் இரண்டு மீட்டருக்கும் மேல். ஆக, முதல் முறையில் உதிரி கொடைவாய், இரண்டாவதில் வாயில் இருப்பதுதான் கொடைவாய். சட்டை என்ற பெயர் செய்த தவற்றையே இதுவும் செய்கிறது. இரண்டு வகைகளை ஒப்பிடும் அத்தியாயத்தில் ஒரு வகையிலிருந்து பொதுப்பெயர் எடுக்கக் கூடாது. 'மாற்றுவாய்' போதும்.

அக்கா, சொல்லை விடுங்கள், எந்த வகையில் கற்பிக்கப்போகிறீர்கள்? முதல் நாளிலிருந்தே சிறகு வகை என்றால் பிள்ளைகள் கிடையாகப் படுத்து நிற்கப் பழகுவார்கள். அடியில் முழந்தாளிட்டுப் பவளப்பாறையை மிதிக்கமாட்டார்கள்.

ச., திருகோணமலை

முழந்தாளிடுவது சட்டையின் குற்றம் இல்லை, தேவைக்கு மேல் ஈயத்தைக் கட்டிவிடும் ஆசிரியரின் குற்றம். எடையைச் சரியாக வைத்தால் சட்டையிலும் கிடையாக நிற்கலாம். என்னிடம் இருப்பது சிறிது, நடுத்தரம், பெரிது என்று அளவுக்கு வாங்கிய சட்டைகள். காலையில் ஒருவன் போட்டதை மதியம் இன்னொருத்தி போடுவாள். ஒரே நீளப் பட்டையைக் கோத்த பலகையை ஒவ்வொருவருக்கும் இழுத்துச் சரிசெய்ய நேரம் இல்லை. மேற்பரப்பில் சட்டை ஆளை நிமிர்த்தி வைக்கிறது, முதல் நாள் பயத்துக்கு அது பெரிய உதவி.

என்னை உறுத்துவது வேறு: நான் பலகையும் நெடுங்குழாயும் போட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்குச் சட்டையும் மஞ்சள் குழாயும் மாட்டுவது. காற்றில்லை என்று சைகை காட்டினால் அவர்கள் என்னிடமிருந்து எதைப் பிடுங்குவார்கள்? அதனால் இந்த வகுப்பு முடியும்வரை நானும் அவர்கள் போடுவதையே போடப்போகிறேன்.

பெ., தூத்துக்குடி

தங்கச்சி சொல்வது சரி. தண்ணீருக்குள் யாரும் இந்தச் சொற்களைப் பேசப்போவதில்லை, அங்கே கைதான். படகில் இறங்குமுன் ஒருவரையொருவர் சரிபார்க்கும்போது சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பை, எடை, கொக்கி, காற்று என்று தொட்டுத் தொட்டுச் சொல்லச் சின்னச் சொல்லே நல்லது.

இரண்டு வகையிலும் காற்று அடைப்பது ஒரு பையில்தான். 'மிதப்புப்பை' என்று வையுங்கள். முழுவதையும் மாட்டிக்கொள்ளும் விதத்துக்குக் 'கட்டு' போதும்: சட்டைக்கட்டு, பலகைக்கட்டு. கயிறும் வலையும் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டு என்றால் விளக்கவுரை வேண்டாம்.

வெ., சென்னை

கட்டு என்றால் காயத்துக்குக் கட்டும் கட்டும்தான். இருந்தாலும் நேரமில்லை என்பதால் ஆதரிக்கிறேன். ஆனால் 'மிதப்புபை' என்று ஒற்று இல்லாமல் எழுதலாமா? இரண்டு 'ப்பு', 'ப்பை' வாயில் இடிக்கிறது.

இரா., மதுரை

கூடாது. மிதப்பு வன்தொடர்க் குற்றியலுகரம், ஒற்று மிக்கே தீரும். இடிப்பது வாயின் குற்றம்.

ச., திருகோணமலை

மிதப்புப்பை, மாற்றுவாய், சமமிதப்பு, கட்டு. எதிர்த்தவர்களைவிட 'சரி, போகட்டும்' என்றவர்கள் அதிகம் என்பதால் இவற்றையே அச்சுக்குக் கொடுக்கிறேன். சுழியோடி அப்படியே இருக்கும். அதில் வாக்கெடுப்பு இல்லை, ஐயா மன்னிக்க வேண்டும்.

இரா., மதுரை

மன்னிக்க என்ன இருக்கிறது, வகுப்பு நன்றாக நடக்கட்டும் அம்மா. ஆனால் என் கருத்து வேறுபாட்டைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பை என்பது கடைக்குக் கொண்டுபோவது. கு. சொன்ன 10 மீட்டர் கணக்கைப் படித்தேன், அது ஏமத்துக்கு எதிரான வாதம், புணைக்கு எதிரானது அன்று. ஏமத்தை விட்டுவிட்டு வெறும் 'புணை' என்றாலே ஈரெழுத்தில் முடிகிறது. மிதப்புப்பைக்கு எத்தனை எழுத்து என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த பதிப்பின்போது மறுபடியும் எழுதுவேன்.